பிடித்த கலை கைவசப்படவில்லையா? ஆசிரியர், சுயபயிற்சி, குழு, மனமகிழ்ச்சி: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கித்தார் வாங்கி வருடக்கணக்காகிறது, ஒரு பாட்டைக்கூடத் தடங்காமல் வாசிக்க வரவில்லை. படம் வரையக் கொள்ளை ஆசை, ஆனால் தெரிந்தவர் முகத்தை வரைந்தால் யாரோ போல வருகிறது. தினமும் சதுரங்கம் ஆடியும் ரேட்டிங் இருந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்கிறது. இப்படிப்பட்ட குறைகளோடு வருகிறவர்கள் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: காசு கொடுத்து ஓர் ஆசிரியரிடம் போகட்டுமா, காணொளி பார்த்து நானே தொடரட்டுமா, ஏதாவது குழுவில் சேரட்டுமா, இல்லை தேர்ச்சி என்ற நினைப்பையே விட்டுவிட்டு வருகிற அளவுக்குச் செய்து சந்தோஷப்பட்டுக்கொள்ளட்டுமா?

நான்குமே நல்ல வழிகள்தாம். நான்கிலும் மனம் வெறுத்துப் பாதியில் விட்டவர்களும் உண்டு. அவர்கள் கதையைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பிசகு தெரியும்: அவர்களுக்கு இருந்த தடை ஒன்று, தேடிப்போன தீர்வு வேறொன்று. நேரம் கிடைக்காதவர் விலை கூடிய புதுக் கருவி வாங்குகிறார். தவறு எங்கே என்று தெரியாதவர் அதே தவறோடு கூடுதல் நேரம் உட்காருகிறார். துணையில்லாமல் சோர்ந்தவர் இன்னொரு காணொளித் தொடரை ஆரம்பிக்கிறார். அதனால் வழிகளை ஒப்பிடுவதற்கு முன், எதை வைத்து ஒப்பிடுவது என்று முடிவுசெய்துகொள்வோம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், என்னைக் கேட்டால் மற்றவற்றைவிட முக்கியமானதும்கூட: நீங்கள் செய்யும் தவறு உங்களுக்கு எப்படித் தெரியவருகிறது?

சில கலைகளில் தவறு தானாகவே கண்ணில் படும். சதுரங்கத்தில் ஆட்டம் முடிந்ததும் கணினி நிரல் எந்த நகர்த்தல் பிசகு என்று சொல்லிவிடும். பார்த்து வரையும்போது அசல் பொருள் எதிரிலேயே இருக்கிறது. பின்னல் வேலையில் கண்ணி எண்ணிக்கை தப்பினால் ஓரம் கோணிக்கொண்டு நிற்கும். வேறு சில கலைகளிலோ, செய்கிறவருக்குத் தன் தவறு தெரிய வழியே கிடையாது. நீந்துகிறவர் தன் இடுப்பு தண்ணீருக்குள் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்க்க முடியாது. பாடுகிறவருக்குத் தன் குரல் காற்று வழியாக மட்டுமில்லாமல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் வந்து சேர்கிறது. அதனால் அவர் கேட்கும் குரலும் எதிரே இருப்பவர் கேட்கும் குரலும் வேறு வேறு. பதிவுசெய்த தன் குரலை முதன்முதலில் கேட்கிறவர் திடுக்கிடுவது இதனால்தான். உங்கள் கலை இந்த இரண்டு வகையில் எதில் சேரும் என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

இரண்டாவது: அதற்கான நேரத்தை யார் காப்பாற்றுகிறார்கள்? ஆசைக்குரிய காரியங்களுக்குக் கெடு தேதி கிடையாது. வேலை, வீடு, உடம்பு என்று எது வந்தாலும் முதலில் தள்ளிப்போவது அதுதான். யாராவது காத்திருக்கிறார்கள் என்றால் தள்ளிப்போவது குறையும்.

மூன்றாவது: மறைவான செலவு. கட்டணம் வெளிப்படையாகத் தெரியும். போய்வரும் நேரம், தேடுவதில் கரையும் நேரம், தப்பாகப் பழகியதைத் திருத்த ஆகும் காலம், குற்றவுணர்ச்சி ஆகியவற்றை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

நான்காவது: ஆசை மிஞ்சுமா? திறமை வளர்ந்து ஆசை செத்துப்போனால் என்ன லாபம்? இது வருமானத்துக்குச் செய்கிற வேலை இல்லையே.

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் கிடைக்கும் படம் இது. விவரங்கள் கீழே ஒவ்வொன்றாக வருகின்றன.

| அளவுகோல் | ஆசிரியர் | சுயபயிற்சி | குழு | மகிழ்ச்சிக்கு மட்டும் |
|---|---|---|---|---|
| தவறு தெரிவது | உடனுக்குடன், ஆசிரியர் கவனித்துப் பார்த்தால் | கலையைப் பொறுத்தது | அரைகுறையாக. சொல்லத் தயங்குவார்கள் | தேவைப்படுவதில்லை |
| நேரத்தைக் காப்பது | வகுப்பு நாள் | நீங்கள் மட்டுமே | காத்திருக்கும் மற்றவர்கள் | மனம் வரும்போது |
| மறைவான செலவு | பயண நேரம், வீட்டுப்பாடக் குற்றவுணர்ச்சி | தேடல், கருவி மோகம், தப்பான பழக்கம் | பேச்சில் கரையும் நேரம், ஒப்பீடு | உள்ளுக்குள் உறுத்தல், சிலருக்கு மட்டும் |
| ஆசைக்கு என்ன ஆகும் | ஆசிரியரைப் பொறுத்து ஏறும் அல்லது இறங்கும் | தேக்கம் வரும்போது ஆட்டம் காணும் | பொதுவாக ஏறும் | பத்திரமாக இருக்கும் |
| எப்போது பொருந்தும் | தன் தவறு தனக்குத் தெரியாத கலைகள், உடல் வலி | ஒழுங்கற்ற வேலைநேரம், விடை கண்முன் இருக்கும் கலைகள் | கூடிச் செய்யும் கலைகள், நேரம் ஒதுக்கவே முடியாதவர்கள் | ஓய்வுக்காகச் செய்பவர்கள், பொறுப்புகள் மிகுந்த காலம் |

## ஆசிரியரிடம் போவது

ஆசிரியரிடம் நீங்கள் வாங்குவது பாடத்தை என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பாடம் எங்கும் கிடைக்கிறது. நீங்கள் வாங்குவது இன்னொருவருடைய கண்ணையும் காதையும்.

கித்தாரில் 'சி' கார்டிலிருந்து 'ஜி' கார்டுக்கு மாறுவதை எடுத்துக்கொள்ளுங்கள் (கார்ட் என்பது சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரலமைப்பு). தொடக்கநிலையில் பலரும் தடுக்கி நிற்கும் இடம் அது. தானே பழகுகிறவர் 'என் விரல்களுக்கு வேகம் போதாது' என்று முடிவுகட்டி, விரல்களை விரட்டப் பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கும் ஆசிரியர் கண்ணில் வேறு விஷயங்கள் படும். இடது கட்டைவிரல் கித்தாரின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது, அதனால் மற்ற விரல்கள் எட்டாமல் திணறுகின்றன. கார்ட் மாறும்போது விரல்கள் தந்தியிலிருந்து தேவைக்குமேல் உயரப் பறக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இடது கை தயாராகும்வரை வலது கை மீட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது. பாட்டு உடைவது அந்த இடத்தில்தான். "வலது கையை நிறுத்தாதீர்கள். தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை 50இல் வையுங்கள். ஒலி மங்கலாக விழுந்தாலும் பரவாயில்லை, தாளம் மட்டும் தப்பக்கூடாது" என்று அவர் சொல்லும் அந்த ஒரு யோசனை பல மாதத் தனிப்பயிற்சியை மிச்சப்படுத்தும். விரல்களை விரட்டிக்கொண்டிருந்தவருக்கு வலது கையைக் கவனிக்கத் தோன்றியே இருக்காது.

வகுப்பு என்றதும் பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. 1993இல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்கள் இருவரும் பெர்லின் இசைக் கல்விக்கூட வயலின் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தேர்ச்சிக்கு '10,000 மணி நேரம்' வேண்டும் என்று இன்று ஊரெல்லாம் பேசப்படும் எண்ணுக்கு ஊற்று அந்த ஆய்வுதான். அதில் சிறந்த மாணவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக்காட்டியது தனியே உட்கார்ந்து, குறிப்பிட்ட ஒரு குறையைச் சரிசெய்வதற்காகச் செய்த பயிற்சியின் அளவு. வகுப்பு அந்தப் பயிற்சிக்குத் திசை காட்டும். பயிற்சியை வகுப்பே செய்து தந்துவிடாது. வாரம் முழுக்கக் கருவியைத் தொடாமல், வகுப்புக்கு முந்தைய இரவு அவசர அவசரமாகத் தேய்க்கிறவர், ஆசிரியர் முன் உட்கார்ந்து பயிற்சி செய்வதற்குக் கட்டணம் கட்டுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறைவான செலவுகளில் பெரியது இந்தக் குற்றவுணர்ச்சி. வேலை முடிந்து ஆசையாகக் கருவியை எடுக்கும் நேரம் 'வீட்டுப்பாடம் முடிக்கவில்லையே' என்ற நேரமாக மாறிவிடும். இன்னொன்று ஆசிரியரின் ரசனை. உங்களுக்கு மனிதர்களை வரைய ஆசை இருக்கும், அவரோ நிலக்காட்சியில் தோய்ந்தவராக இருப்பார். சில மாதங்களில் நீங்கள் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றில் தேறிக்கொண்டிருப்பீர்கள். கடைசியாக, தான் செய்துகாட்டிக்கொண்டே இருந்து, மாணவரைக் கவனிக்காத ஆசிரியர். அவரிடம் போவதும் காணொளி பார்ப்பதும் ஒன்றுதான்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க நான் பரிந்துரைக்கும் சோதனை எளிமையானது. முதல் வகுப்பு முடிந்ததும் இரண்டை நினைத்துப் பாருங்கள். அவர் வாய் திறக்காமல் உங்களைக் கவனித்த நேரம் எவ்வளவு? வீட்டில் செய்யச் சொன்னது என்ன? "நன்றாகப் பயிற்சி செய்யுங்கள்" என்று மட்டும் சொன்னால் வேறு ஆளைத் தேடலாம். "இந்த நான்கு தாள அளவை மட்டும், இந்த வேகத்தில், தோளைத் தளர்த்தி" என்று சொன்னவரை விடாதீர்கள்.

நீச்சல், பாட்டு, வயலின், நடனம் ஆகியவற்றுக்குத் தொடக்கத்திலாவது ஆசிரியர் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வாசிக்கும்போதோ ஓடும்போதோ வலி வருகிறது என்றாலும் அப்படித்தான். காணொளிக்கு உங்கள் மணிக்கட்டு தெரியாது. (வலி தொடர்ந்தால் ஆசிரியருக்கு முன்னால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.)

மற்றபடி, வயதுவந்த பின் கற்க வருகிறவர்களுக்கு வாராவாரம் வகுப்பு என்பது பல நேரம் அதிகம். அவர்களால் இரண்டு வகுப்புகளுக்கு இடையே செரிக்கும் அளவுக்குப் பயிற்சி செய்ய முடிவதில்லை. மாதம் ஒருமுறை போய், தேங்கி நிற்கும் இரண்டு இடங்களைக் காட்டித் திருத்திக்கொண்டு வருவது அவர்களுக்குப் பொருந்தும். இப்படிக் கேட்டால் ஒப்புக்கொள்ளும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்குத்தான் பலரும் கூச்சப்படுகிறார்கள்.

## தானே கற்றுக்கொள்வது

சுதந்திரம் அதிகம், செலவு குறைவு, நடு இரவிலும் உட்காரலாம். பணிநேரம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கும் கைக்குழந்தை இருப்பவர்களுக்கும் பல சமயம் இது ஒன்றே சாத்தியம். ஆனால் இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, அதைப் பார்த்துக் கால்வைக்க வேண்டும்.

2018இல் மைக்கேல் கார்டாஸ், எட் ஓப்ரையன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மேசை விரிப்பை மேலே இருக்கும் பாத்திரங்கள் விழாமல் உருவுவது, அம்பு எறிவது போன்ற வித்தைகளின் காணொளிகளை மக்களுக்குக் காட்டினார்கள். சிலர் ஒருமுறை பார்த்தார்கள், சிலர் பலமுறை. பலமுறை பார்த்தவர்களுக்கு 'என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை ஏறியது. செய்யச் சொன்னபோது அவர்கள் செயல்திறன் ஏறவில்லை. இதை வீட்டில் நடப்பதோடு பொருத்திப் பாருங்கள்: மாலையில் ஒரு மணி நேரம் ஓவியக் காணொளி பார்த்துவிட்டு, ஏதோ கற்றுக்கொண்ட நிறைவோடு தூங்கப்போகிறோம். காகிதத்தில் ஒரு கோடுகூட விழுந்திருக்காது. பார்ப்பதை முன்னேற்றம் என்று மனம் கணக்கெழுதிக்கொள்கிறது. சில மாதம் கழித்து 'இவ்வளவு செய்தும் வரவில்லையே' என்று சோர்வு வருவதற்கு அதுவே காரணம். இவ்வளவும் செய்தது இல்லை, பார்த்தது. பத்து நிமிடம் பார்த்தால் அரை மணி நேரமாவது கை அசைய வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இது என் அனுமானக் கணக்குதான், ஆனால் பார்ப்பது செய்வதை முந்தாமல் இருக்க இப்படி ஏதாவது ஒரு வேலி வேண்டும்.

இன்னொரு சிக்கல், காணொளித் தளங்கள் அடுத்தடுத்துக் காட்டுவதெல்லாம் புதியவை. அதனால் எல்லாவற்றிலும் முதல் பாடம் மட்டும் தெரிந்தவராகவே காலம் போகும். செயலிகள் கொடுக்கும் 'தொடர்ந்து இத்தனை நாள்' என்ற பாராட்டு நீங்கள் வந்துபோனதற்கான சான்று. தேறியதற்கான சான்று அதில் இல்லை. கருவி மோகமும் இங்கேதான் அதிகம்: படம் தெளிவாக வரவில்லை என்றால் புது லென்ஸ், ஓட்டம் மெதுவாக இருந்தால் புதுக் காலணி. சுட்டிக்காட்ட ஆள் இல்லாத இடத்தில் பழியைக் கருவிமீது போடத் தோன்றுவது இயல்பு. விதிவிலக்கும் உண்டு. தந்திகள் விரல்பலகையிலிருந்து மிக உயரத்தில் இருக்கும் மலிவான கித்தார் நிஜமாகவே விரலைப் படுத்தும். அதைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் தாழ்த்திக்கொள்வது நியாயமான செலவு.

இந்த வழி நன்றாக வேலை செய்யும் இடத்தையும் சொல்ல வேண்டும். ஒரு கோப்பையைப் பார்த்து வரைகிறீர்கள். மேலிருந்து பார்க்கும்போது அதன் வாய் நீள்வட்டமாகத் தெரிகிறது, அதைச் சரியாகவே வரைந்துவிட்டீர்கள். அடிப்பகுதி வரும்போது கை தானாக ஒரு நேர்கோட்டை இழுத்துவிடுகிறது. கோப்பை தட்டையான மேசைமேல் இருக்கிறது என்பது மூளைக்குத் தெரியும், அந்த அறிவு கண்ணை மீறிவிடுகிறது. நிஜத்தில் அடிப்பகுதியும் வளைவுதான். கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால் வாயைவிட அதிகமாகவே வட்டத்தை நெருங்கிய வளைவு. இதைக் கண்டுபிடிக்க ஆசிரியர் தேவையில்லை. கோப்பையின் புகைப்படத்தையும் படத்தையும் பக்கத்தில் வைத்துத் தலைகீழாகத் திருப்பினால், கோப்பை என்ற நினைப்பு மறைந்து கோடுகள் மட்டும் தெரியும். பிசகிய இடம் கண்ணை உறுத்தும். விடை கண்முன்னாலேயே இருக்கும் எந்தக் கலையிலும் இந்த உத்தி நடக்கும். சதுரங்கத்தில் தோற்ற ஆட்டத்தை முதலில் தானே அலசிவிட்டு அப்புறம் நிரலைக் கேட்பது, ஓட்டத்தில் கடிகாரத்தைக் கேட்பது எல்லாம் இதே வகை. ஐந்து நிமிட ஆட்டங்களாக ஆடித்தள்ளுகிறவருக்கு ரேட்டிங் நகராததற்குக் காரணமும் இங்கே இருக்கிறது. அவர் ஆடுகிறார், ஆடியதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பயிற்சியை அமைத்துக்கொள்வதிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1979இல் ஜான் ஷீ, ராபின் மார்கன் இருவரும் கை அசைவுகளை வைத்துச் செய்த சோதனையில், ஒரே அசைவைத் தொடர்ந்து செய்து முடித்து அடுத்ததற்குப் போனவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். பல அசைவுகளைக் கலந்து செய்தவர்கள் அப்போது தடுமாறினார்கள். ஆனால் இடைவெளி விட்டுச் சோதித்தபோது கலந்து பழகியவர்களுக்கே நன்றாக நினைவிருந்தது. தனியே பழகுகிறவர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஏனென்றால் அவர் 'இன்று எளிதாக வந்ததா' என்பதை வைத்தே முறையைத் தேர்ந்தெடுக்கிறார்; கடினமாகத் தோன்றும் நல்ல முறையைப் பாதியில் விட்டுவிடுகிறார்.

## குழுவில் சேர்வது

நேரம் ஒதுக்க முடியவில்லை என்பதுதான் உங்கள் தடை என்றால், நான் முதலில் சொல்வது இதைத்தான். 'வாரத்தில் ஒரு மாலை, நால்வர் காத்திருக்கிறார்கள்' என்பதற்கு இருக்கும் பலம் எந்தத் தனித் தீர்மானத்துக்கும் கிடையாது. ஓட்டக் குழு, சேர்ந்து வரையும் கூட்டம், கூட்டாகப் பாடும் குழு, அந்நிய மொழியில் பேசிப் பழகும் வட்டம், சதுரங்க மன்றம் எல்லாம் இந்த வகை.

தேர்ச்சிக்கு இது எவ்வளவு உதவும் என்பதில்தான் கவனம் தேவை. மற்றவர் முன்னிலையில் செய்வது பற்றி 1965இல் உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் ஒரு கருத்தை முன்வைத்தார்: நன்கு பழகிய செயலைப் பிறர் பார்க்கும்போது இன்னும் நன்றாகச் செய்கிறோம், பழகாததைச் செய்யும்போது தடுமாற்றம் கூடுகிறது. அப்படிப் பார்த்தால் கூட்டம் என்பது ஏற்கெனவே கைவந்ததை மெருகேற்றும் இடம். அரிச்சுவடியே தெரியாமல் போய் உட்கார்ந்தால் கூச்சமே கற்றலைத் தின்றுவிடும். மூன்று கார்டுகளாவது தடங்காமல் வாசிக்க வந்த பிறகு சேர்ந்து வாசிக்கப் போங்கள். அப்போது வேறு எங்கும் கிடைக்காத ஒன்று கிடைக்கும்: தவறு செய்தாலும் நிற்காமல் அடுத்த தாள அளவில் போய்ச் சேர்ந்துகொள்ளும் பழக்கம். தனியறையில் வாசிப்பவர் தவறும்போதெல்லாம் பின்னால் போய்த் திரும்ப ஆரம்பிப்பார், அது அவருக்கு வழக்கமாகவே ஆகிவிடும். கூட்டாக வாசிக்கும்போது பாட்டு உங்களுக்காக நிற்காது.

இதன் மறைவான செலவு, தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்து காலம் போவது. கூடுவார்கள், பேசுவார்கள், வழக்கமான நான்கு பாட்டுகளை வாசிப்பார்கள், கலைவார்கள். தவறைச் சொல்ல நட்பு தடுக்கும். ஒப்பீடும் சும்மா விடாது. உங்களோடு சேர்ந்தவர் ஆறு மாதத்தில் தாண்டிப்போனால் மனம் வாடும். உங்களைவிடக் கொஞ்சம் முன்னால் இருப்பவர்கள் ஒன்றிரண்டு பேர், கொஞ்சம் பின்னால் இருப்பவர்கள் ஒன்றிரண்டு பேர் உள்ள குழு நல்லது. பின்னால் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நமக்கே அந்த விஷயம் தெளிவாவதைப் பலரும் உணர்ந்திருப்பார்கள்.

## மகிழ்ச்சிக்கு மட்டும் செய்வது

இதைத் தோல்வி என்று எண்ணுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நாளெல்லாம் அளக்கப்படும் வேலையில் இருந்துவிட்டு வருகிறவருக்கு, யாரும் அளக்காத ஓர் இடம் வேண்டும். பொழுதுபோக்கு அந்த இடமாக இருக்க முழு உரிமை உண்டு.

அளக்கத் தொடங்குவதே ஆசையைக் கெடுக்கக்கூடும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட சோதனையில், தாமாகவே விரும்பி வரைந்துகொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவிடம் 'வரைந்தால் சான்றிதழ் உண்டு' என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியே சான்றிதழும் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, கட்டாயம் எதுவும் இல்லாத நேரத்தில் கவனித்தபோது, அந்தப் பிரிவுக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரையப் போனார்கள். வரைந்ததையெல்லாம் உடனே சமூக ஊடகத்தில் போட்டு விருப்பக்குறிகளை எண்ணுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

10,000 மணி நேரம் என்ற எண்ணைக் கேட்டு மலைத்துப்போனவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது தொழில்முறைக் கலைஞராகும் வழியில் இருந்த மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் செய்த பயிற்சியின் சராசரி. நண்பர்கள் சேர்ந்து பாட நீங்கள் துணைக்கு வாசிப்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பயிற்சி மட்டுமே எல்லாம் என்பதும் சரியில்லை. 2014இல் புரூக் மக்னமாரா குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆளுக்கு ஆள் இருக்கும் திறமை வேறுபாட்டில் முறையான பயிற்சியால் விளக்க முடிந்தது இசையில் சுமார் 21 சதவீதம், விளையாட்டில் 18 சதவீதம், சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26 சதவீதம். தொடங்கிய வயது, உடல்வாகு, இன்னும் பலவும் மிச்சத்தில் சேரும். அடுத்தவர் வேகத்தில் நீங்கள் வரவில்லை என்றால் அது உங்கள் சோம்பலுக்குச் சான்று ஆகாது.

இந்த வழிக்கும் ஒரு விலை இருக்கிறது. உள்ளூர நன்றாக வாசிக்க வேண்டும் என்று தவிக்கிறவர் 'சும்மா மகிழ்ச்சிக்குத்தான்' என்று சொல்லிக்கொண்டால் உறுத்தல் போகாது. கருவியைப் பார்க்கும்போதெல்லாம் குத்தும். நீங்கள் எந்த வகை என்று அறிய ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: இனி என் திறமை இம்மியும் கூடாது என்று உறுதியாகத் தெரிந்தாலும் இதைத் தொடர்வேனா? ஆம் என்று உடனே பதில் வந்தால் இது உங்கள் வழி. அப்படியானால் உங்கள் இப்போதைய நிலைக்கு எட்டும் எளிய பாட்டுகளையும் எளிய படங்களையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாததை எடுத்து மல்லுக்கட்டிக்கொண்டே மகிழ்ச்சியைத் தேட முடியாது.

சிலர் ஐந்தாவதாக, கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. நினைவாற்றலை ஆராய்ந்த ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே காட்டியது போல, மறந்துவிட்டதாக நினைப்பதைத் திரும்பக் கற்க முதல்முறையைவிடக் குறைந்த நேரமே ஆகும். கருவியை உறைக்குள் வைத்துப் பத்திரப்படுத்திவிட்டு, எப்போது திரும்ப எடுப்பது என்று ஒரு மாதத்தைக் குறித்துவைத்தால் போதும்.

## உங்கள் தடை எது?

தேக்கம் என்று நீங்கள் நினைப்பது உண்மையில் தேக்கம்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். 1897இல் வில்லியம் பிரையன், நோபிள் ஹார்ட்டர் இருவரும் தந்தி வழியே செய்தி அனுப்பிப் பெறும் பணியாளர்கள் கற்பதைப் பதிவுசெய்தபோது, செய்தியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் வேகம் வாரக்கணக்கில் ஒரே மட்டத்தில் நின்று, பிறகு திடீரென ஏறுவதைக் கண்டார்கள். எழுத்து எழுத்தாகக் கேட்டவர் சொல் சொல்லாகக் கேட்கத் தொடங்கும் இடைக்காலம் அது என்பது அவர்கள் விளக்கம். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் இதே வடிவம் கிடைக்கவில்லை, ஆனாலும் இசையோ மொழியோ கற்றவர்களுக்கு இந்த அனுபவம் புதிதாக இராது. நான்கு வாரம் நகரவில்லை என்பதற்காக வழியை மாற்ற வேண்டாம்.

பழக்கம் படிவதற்கும் காலம் பிடிக்கும். பிலிப்பா லல்லியும் சகாக்களும் லண்டனில் செய்த ஆய்வில் ஒரு புதிய அன்றாடப் பழக்கம் தானாக நடக்கத் தொடங்க நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஆகவே எந்த வழியை எடுத்தாலும் மூன்று மாதம் கொடுங்கள். தொடங்கும் அன்றே ஒரு பாட்டை, ஒரு படத்தை, ஒரு நீச்சல் சுற்றைப் பதிவுசெய்து வையுங்கள். மாதம் ஒருமுறை அதையே திரும்பச் செய்து பதிவுசெய்யுங்கள். நடுவில் எடுத்துப் பார்க்க வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து எல்லாவற்றையும் வரிசையாகப் பாருங்கள். ஒரே தவறு எல்லாப் பதிவிலும் இருந்தால் உங்களுக்குத் தேவை இன்னொருவரின் கண். ஆசிரியரிடம் அந்தப் பதிவுகளையே எடுத்துக்கொண்டு போங்கள், முதல் வகுப்பிலேயே பாதி வேலை முடியும். பழைய தவறு போய்ப் புதுத் தவறு வந்திருந்தால் போகிற வழி சரி, தானே பழகுகிறவர் தொடரலாம். முதல் பதிவைத் தவிர வேறு பதிவே இல்லையென்றால், உட்காரவே நேரம் வாய்க்கவில்லை என்று பொருள். காணொளி, கருவி எதையும் தேடாமல் குழுவையோ, நாள் குறித்த வகுப்பையோ தேடுங்கள். பதிவுசெய்யவே மறந்து மூன்று மாதமும் மனம்போல வாசித்துக்கொண்டிருந்தீர்கள் என்றால், நான்காவது வழியில் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறீர்கள். பதிவுக் கருவியை எடுத்து உள்ளே வைத்துவிடலாம்.